ஊசி போட்டால் பாலை நிறுத்த வேண்டுமா? பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்குமான தடுப்பூசி வழிகாட்டி

என் தங்கைக்குப் பிரசவமாகி மூன்றாவது மாதம். அம்மா வீட்டு வாசலிலேயே ஒரு தெருநாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. உடனே கூட்டிப்போய் ஊசி போட்டாயிற்று. ஆனால் ஊசி போட்ட இடத்தில் ஒருவர், "ரெண்டு நாளைக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்காதம்மா, மருந்து பாலில் இறங்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் பயந்துபோய் நிறுத்தினாள். பாட்டிலையே பார்த்திராத குழந்தை இரவெல்லாம் கதறியது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அவளுக்கு மார்பு கல்லாகக் கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. நாய்க்கடி ஊசியால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை. பாலை நிறுத்தியதால்தான் இருவரும் பாடுபட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி வருகிறேன். பாலூட்டும் தாய் போட்டுக்கொள்ளும் தடுப்பூசிகளில் பாலை நிறுத்தச் சொல்லும் ஊசி மிக மிகக் குறைவு. அவை எவை என்று பெயர் சொல்லியே கீழே எழுதியிருக்கிறேன். மற்ற எந்த ஊசிக்கும் ஒரு வேளைப் பாலைக்கூடத் தவறவிட வேண்டியதில்லை.

முதல் படி: ஊசி மருந்து பாலுக்குள் போகுமா என்று புரிந்துகொள்ளுங்கள்

தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றில் உயிருள்ள கிருமியே கிடையாது. கொல்லப்பட்ட கிருமியோ, கிருமியின் ஒரு துண்டோ, செயலிழக்கச் செய்த நஞ்சோதான் இருக்கும். அது தோள் தசையிலேயே தங்கி, அங்கிருந்தே உடலின் பாதுகாப்புப் படையை எழுப்பிவிட்டுச் சிதைந்துபோகிறது. அதனால் உடம்புக்குள் பெருக முடியாது. ஒரு துளி பாலில் கலந்தது என்றே வைத்துக்கொண்டாலும், குழந்தையின் வயிறு மற்ற புரதங்களைச் செரிப்பது போல அதையும் செரித்துவிடும்.

பாலுக்குள் உண்மையில் போவது வேறு ஒன்று. ஊசிக்குப் பிறகு தாயின் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், பாலில் இறங்குகின்றன. கொரோனா ஊசி போட்ட தாய்மார்களின் பாலைச் சோதித்தபோதும் அவை இருந்தன. சீம்பாலில் இயல்பாகவே நிறைந்திருக்கும் அதே வகைப் பொருள்தான் இது.

அப்படியானால் மருந்துப் பெட்டியில் உள்ள தாள் ஏன் பயமுறுத்துகிறது? புது மருந்துகளின் சோதனைகளில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் "போதிய தரவு இல்லை" என்று தாளில் அச்சாகிறது. நம் காதில் அது "ஆபத்து" என்று விழுகிறது. கொரோனா காலத்தில் இதை எல்லோரும் பார்த்தோம். 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது பாலூட்டும் தாய்மார்களை ஒதுக்கி வைத்தார்கள். மே 19 அன்றுதான் அவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மாதம் அது. "தரவு இல்லை" என்ற சொல்லுக்குத் தாய்மார்கள் கொடுத்த விலை அந்த நான்கு மாதம்.

இரண்டாம் படி: உங்களுக்கான ஊசிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தயங்காமல் போட்டுக்கொண்டு, அப்போதே பாலும் கொடுக்கக்கூடிய ஊசிகள் இவை: ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி., கக்குவான் இருமல் சேர்ந்த டிடாப், மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ ஊசி, டைபாய்டு ஊசி, கொரோனா ஊசி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி., வெறிநாய்க்கடி ஊசி.

இதில் ஃப்ளூ ஊசியையும் டிடாப்பையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. கக்குவான் இருமலுக்கு எதிரான முதல் ஊசியும் ஆறாவது வாரத்தில்தான் வரும். அதுவரை பிள்ளையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நோய் வராமல் இருப்பதுதான் பிள்ளைக்குக் காவல். டிடாப்பைக் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டுக்கொள்வதே நல்லது. அப்போது எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகவே பிள்ளைக்குப் போய்விடும். அப்போது விட்டுப்போயிருந்தால் பிரசவத்துக்குப் பிறகாவது போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த கிருமி உள்ள ஊசிகளும் உண்டு. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி ஆகியவை அந்த வகை. இவற்றையும் பாலூட்டும்போது போட்டுக்கொள்ளலாம். ருபெல்லா தடுப்பூசிக் கிருமி சில தாய்மார்களின் பாலில் தென்பட்டிருக்கிறது. அது பிள்ளைக்குப் போனாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் வருவதில்லை, வந்தாலும் லேசாகவே வந்து போகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தப் பரிசோதனையில் ருபெல்லா எதிர்ப்பு இல்லை என்று வந்திருந்தால், பிரசவம் முடிந்து வீடு திரும்புவதற்கு முன்பே அந்த ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளைக்கு அது பெரிய காப்பு. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஊசிக்குப் பிறகு உங்களுக்குக் காய்ச்சல், உடம்பு வலி என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். பாலில் அது மிகச் சிறிதளவே சேரும். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், படுத்தபடியே பால் கொடுங்கள்.

மூன்றாம் படி: விதிவிலக்குகளைப் பெயரோடு நினைவில் வையுங்கள்

முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெயரைக் கவனியுங்கள். மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசியால் பாலுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டு அந்த ஊசிக்குப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் நம் ஊரில் இல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளில் இருக்கிறது. கணவருக்கு நைஜீரியாவிலோ கானாவிலோ வேலை, குழந்தையோடு அங்கே போய்ச் சேர வேண்டும் என்கிற பெண்களுக்குத்தான் இந்த ஊசி தேவைப்படும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 2009-இல் பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில், இந்த ஊசி போட்ட தாயிடமிருந்து தடுப்பூசிக் கிருமி ஒரு மாதம்கூட ஆகாத பச்சைக் குழந்தைக்குப் போய் மூளையைத் தாக்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. இதுபோன்ற நிகழ்வுகள் உலகத்திலேயே மிகச் சிலதான் பதிவாகியிருக்கின்றன. என்றாலும் பிள்ளை ஒன்பது மாதம் ஆகும்வரை பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் ஊசி போடும் மருத்துவரிடம் "நான் பால் கொடுக்கிறேன், பிள்ளைக்கு இத்தனை வாரம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பிரேசிலில் பிள்ளை ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால், ஊசிக்குப் பின் 10 நாள் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். முன்கூட்டியே பாலைப் பீய்ச்சிச் சேமித்துக்கொண்டு, அந்த 10 நாளும் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் பால் வற்றாது.

இரண்டாவது டெங்கு தடுப்பூசி. மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் கியூடெங்கா என்ற ஊசி வந்திருக்கிறது. அது உயிருள்ள கிருமி கொண்டது. பாலூட்டும் பெண்களுக்கு வேண்டாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் நம்மவர்கள் கவனிக்கவும். மூன்றாவது பழைய பெரியம்மைத் தடுப்பூசி. நோயே 1980-இல் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதால் அது நம் கைக்கு வரப்போவதில்லை.

நாய் கடித்தால்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் தயங்கினால் உயிர் போகும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, அன்றும் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, எதிர்ப்பொருளையே தயாராகக் கொடுக்கும் மருந்தும் போட வேண்டும். பால் கொடுப்பவருக்கும் மற்றவர்களுக்கும் இதில் எந்த வேறுபாடும் இல்லை, எல்லாத் தவணைகளும் போட்டுக்கொள்ளலாம், எல்லா நாளும் பால் கொடுக்கலாம். நாய் பிள்ளையையும் கீறியிருந்தாலோ, காயத்தில் நக்கியிருந்தாலோ பிள்ளைக்கும் தனியாக ஊசி வேண்டும். உங்கள் பால் அதற்கு ஈடாகாது.

நான்காம் படி: பிறந்த அன்றே குழந்தைக்கு

பிறந்த உடன் மூன்று: இடது தோளில் காசநோய்க்கான பி.சி.ஜி., வாயில் போலியோ சொட்டு மருந்து, தொடையில் ஹெபடைடிஸ் பி. ஹெபடைடிஸ் பி ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால், குழந்தைக்கு அந்த ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவார்கள். அப்படிப் போட்டபின் அந்தத் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகப் பால் மறுக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் மனசு வலிக்கிறது.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் எழும்பி, சீழ் வைத்து, காய்ந்து தழும்பாகும். ஊசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. பிதுக்குவது, எண்ணெய் தடவுவது, வசம்பு பூசுவது எதுவும் வேண்டாம். அக்குளில் பெரிய கட்டி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கர்ப்ப காலத்தில் மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் எடுத்திருந்தால், அவை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். அந்தப் பிள்ளைக்கு பி.சி.ஜி., வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா போன்ற உயிருள்ள மருந்துகளை எப்போது கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குக் காசநோய்ச் சிகிச்சை நடக்கிறது என்றாலும், முந்தைய பிள்ளைக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு இருந்தது என்றாலும் பி.சி.ஜி.க்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஆறாவது வாரம்

தாய்மார்கள் அதிகம் பயப்படுவது இந்த நாளுக்குத்தான். ஒரே நாளில் மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. இடது தொடையில் பென்டாவலன்ட், வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி., வலது தோளில் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் மருந்தும். பென்டாவலன்ட் என்பது தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஐந்து தனி ஊசியைவிட ஒன்று மேல் அல்லவா? பிள்ளையின் உடல் ஒவ்வொரு நாளும் கையிலும் வாயிலும் பட்டு வரும் எண்ணற்ற கிருமிகளைச் சமாளிக்கிறது. இவற்றையும் அது தாங்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாகப் புதன்கிழமை ஊசி போடுவார்கள். கிளம்புமுன் தாய்சேய் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தொடை எளிதாகத் தெரியும்படி தளர்வான சட்டை போடுங்கள். லேசான சளி, மூக்கொழுகல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் முதலில் சொல்லுங்கள். முன்பு போட்ட ஊசிக்கு மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது, முன்பு வந்த பிள்ளைக்கு ரோட்டா மருந்து கொடுக்கக் கூடாது.

ஊசிக்கு முன் தடுப்பாகப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போகாதீர்கள். அப்படிக் கொடுத்தால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் குறையக்கூடும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, சொட்டு மருந்து பற்றிய பழைய கட்டளை. "போலியோ சொட்டு போட்டா அரை மணி நேரம் பால் குடுக்கக் கூடாது" என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். தேவையே இல்லை. சொட்டுக்கு முன்னும் கொடுக்கலாம், பின்னும் கொடுக்கலாம். ரோட்டா மருந்துக்கும் இதே சந்தேகம் எழுந்தது. பாலில் உள்ள எதிர்ப்பொருள் மருந்தின் வேலையைக் குறைக்குமோ என்று டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னும் பின்னும் பாலை நிறுத்திப் பார்த்தார்கள். அதனால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. நம் நாட்டு ரோட்டாவாக் மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. அதில் பங்கெடுத்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

பால் கொடுப்பதைத் தடை செய்யாதது மட்டுமல்ல, அதை வலி மருந்தாகவே பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஊசி வலியைக் குறைக்கும் வழிகளைப் பரிந்துரைத்தபோது தாய்ப்பாலும் அதில் இருந்தது. நான் இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் வாய் வழி மருந்துகளை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மடியில் கிடத்தி, மார்போடு சேர்த்து வையுங்கள். பிள்ளை நன்றாகப் பிடித்து உறிஞ்சத் தொடங்கிய பிறகு, "இப்ப போடுங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். தொடை அசையாமல் உங்கள் கை மேலே இருக்கட்டும். அதிகம் வலிக்கும் ஊசி கடைசியில் வரட்டும். ஊசி இறங்கும் நொடியில் பிள்ளை வாயை விட்டு ஒரு கத்துக் கத்தும், மறுபடி மார்பைப் பிடித்துக்கொள்ளும். புரையேறும் என்ற பயம் வேண்டாம். கூட்டத்தில் பால் கொடுக்கச் சங்கடமாக இருந்தால் ஊசிக்கு முன்னும், முடிந்த உடனேயும் ஓரமாக உட்கார்ந்து கொடுங்கள், அதுவும் உதவும். முதலில் கேட்கும்போது சில செவிலியர்கள் தயங்கலாம். பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஊசி போடும் மேசையில் நீங்களே கவனிக்கக்கூடிய இரண்டு விஷயங்கள் உண்டு. மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அந்த மருந்து சூட்டில் கெட்டுவிட்டது. அப்புறம், கலந்து போடும் பி.சி.ஜி.யும் தட்டம்மை-ருபெல்லா ஊசியும் கலந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். "எப்ப கலந்தீங்க?" என்று கேட்பதில் தவறே இல்லை.

முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். அதற்கான மருந்து அங்கே தயாராக இருக்கும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிடாதீர்கள்.

ஆறாம் படி: அன்று இரவு

பென்டாவலன்டில் கக்குவான் கிருமி முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. அதனால் அன்று இரவு காய்ச்சலும், தொடையில் வீக்கமும், சிணுங்கலும் பல பிள்ளைகளுக்கு வரும். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் "வலியில்லா ஊசி"யில் இது குறைவு. ஆனால் கக்குவானுக்கு எதிரான அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. பணம் இல்லாததால் பிள்ளைக்கு மட்டமான ஊசி போட்டுவிட்டோமோ என்று எந்தத் தாயும் வருந்தத் தேவையில்லை.

அடிக்கடி பால் கொடுங்கள். கனமான துணியைக் கழற்றுங்கள். வீங்கிய இடத்தில் ஈரத்துணி வைக்கலாம், தேய்க்கவோ தைலம் போடவோ கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் ஆறு வாரப் பிள்ளைக்கு நர்ஸோ மருத்துவரோ சொன்ன அளவில் மட்டும்தான். எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக் கணக்கு. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிட்டால் பல மடங்கு ஆகிவிடும். ஊசி போட்ட இடத்திலேயே பாட்டிலைக் காட்டி, "இதில் எத்தனை மில்லி?" என்று அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இரண்டு நாளாகியும் தணியாத காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, மூச்சிழுப்பு, ரோட்டா மருந்துக்குப் பிறகு ஓயாத வாந்தியோடு மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

ரோட்டா மருந்தின் கிருமி சில நாள் மலத்தில் வெளியேறும். துணி மாற்றியதும் சோப்பால் கை கழுவினால் போதும்.

ஏழாம் படி: தவணைகள் விட்டுப்போகாமல்

10-வது வாரமும் 14-வது வாரமும் பென்டாவலன்ட், சொட்டு, ரோட்டா மறுபடி வரும். பி.சி.வி.யும் போலியோ ஊசியும் 14-வது வாரத்திலும் 9-வது மாதத்திலும். தட்டம்மை-ருபெல்லா ஊசி 9-வது மாதத்தில் தொடங்கும். ஏன் அவ்வளவு நாள் காத்திருக்கிறார்கள்? கர்ப்பத்தில் நீங்கள் கொடுத்த எதிர்ப்பொருள் அதுவரை பிள்ளையின் ரத்தத்தில் இருந்து, ஊசியின் கிருமியையே அழித்துவிடக்கூடும். அது தேயும் நேரம் பார்த்துப் போடுகிறார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். தாய் கொடுத்தது தேய்ந்துகொண்டே வரும், பிள்ளை தானாக உண்டாக்கிக்கொள்வது நிலைத்து இருக்கும்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வாரக் கணக்கு. ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் தவணை தவறுவதற்கு முக்கியக் காரணம் ஊர் மாறுவதுதான். ஆறாவது வாரம் அம்மா வீட்டில், பதினான்காவது வாரத்துக்குள் மாமியார் வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். அட்டை பழைய ஊரில் பீரோவில் கிடக்கிறது. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிள்ளைக்கு ஊசி போடுவார்கள், ஆனால் முன்பு எது போட்டது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, உங்கள் அம்மாவுக்கும் கணவருக்கும் அன்றே அனுப்பி வையுங்கள்.